அடித்தல் திருத்தலுக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்

தருமபுரியில் பள்ளி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தும் குழுவினருக்கு, வணக்கம்.

இந்த ஆண்டு அறிவிப்பிலும் அதே வரி: "அடித்தல், திருத்தல் இருந்தால் மதிப்பெண் குறைக்கப்படும்." நேரமோ ஒரு மணி. அந்த வரியை நீக்கக் கேட்டே இம்மடல்.

தேர்வறையில் நடப்பது நீங்கள் அறியாததல்ல. தலைப்பு, நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. ஒரு மாணவி தொடங்குகிறாள்: "நம் மாவட்ட மக்கள் பல்வேறு பாதிப்புகளுக்கு உள்ளாகி வருகின்றனர்." மூன்றாம் பக்கத்தில்தான் சொல்ல வேண்டியது அவளுக்குப் பிடிபடுகிறது: லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை விழுகிறது. கட்டுரை அங்கேதான் தொடங்க வேண்டும். முன்பத்தியை அடித்துவிட்டு இதை மேலே கொண்டுபோக வேண்டும். அடித்தால் மதிப்பெண் போகும். அதனால் உயிரில்லாத பத்தி அப்படியே நிற்கிறது.

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களை வகுப்பில் நடத்தியவர்கள் நீங்கள். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் (சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது), வெற்றெனத் தொடுத்தல் (பொருளற்ற சொற்களை அடுக்குவது) எல்லாம் எழுதும் கைக்குத் தெரியாது. முடித்துவிட்டுத் திரும்பப் படிக்கும் கண்ணுக்கே தெரியும். நன்றாகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து முடியும் சென்று தேய்ந்திறுதலுக்கோ நீங்கள் தரும் ஒரு மணி நேரமே போதும்.

திருத்தத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பத்திகள்: எது போக வேண்டும், எது மேலேற வேண்டும். பிறகு வாக்கியங்கள், உதடசைத்துப் படித்து, மூச்சு முட்டும் இடத்தில் உடைப்பது. ஒற்றுப்பிழை கடைசியில்தான், ஏனெனில் நீக்கப்போகும் பத்தியில் ஒற்றைத் திருத்துவது வீண். நம் பள்ளிகளில் எல்லாம் தலைகீழ். விடுபட்ட ஒற்றெழுத்தைச் சிவப்பு மையில் சுழிக்கிறோம், வேண்டாத பத்தியை விட்டுவிடுகிறோம். ரஃப் நோட்டில் உள்ளதை ஃபேர் நோட்டில் அழகாகப் பெயர்த்தால் கட்டுரை முடிந்தது என்கிறோம். அடிக்கத் தேவையே இல்லாதது நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்த கட்டுரைதான். இந்த விதி அதைத்தான் காப்பாற்றுகிறது.

அருள்கூர்ந்து இரண்டு மணி நேரம் கொடுங்கள். 50 நிமிடம் வரைவு, ஒரு வரி விட்டு ஒரு வரி, ஓரத்தில் நான்கு விரல் இடம். 20 நிமிடம் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் வரட்டும். மீதி 50 நிமிடம் திருத்தி எழுத. இரண்டு தாளையும் வாங்கி, இடையில் மாறியதற்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள். காலை பத்தரைக்குத் தொடங்கினால் அரூர், பென்னாகரம் பிள்ளைகளும் பன்னிரண்டரைக்கு முடித்துப் பஸ் ஏறிவிடலாம்.

இவ்வளவும் இந்த ஆண்டே இயலாதென்றால், அந்த ஒரு வரியையாவது அறிவிப்பிலிருந்து எடுத்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழாசிரியர்கள் சிலர்,
தருமபுரி