உங்கள் பெயருக்கு வரும் அந்த அட்டை: ஸ்காட்லாந்துத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளாஸ்கோ, எடின்பரோ, அபர்டீன், டண்டீ என்று எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் நம்மவர்களுக்கு, வணக்கம்.

2014 கோடையில் என் பெயருக்கு ஓர் அட்டை வந்தது. அப்போது நான் கிளாஸ்கோவில் மாணவன், நான்கு பேர் சேர்ந்து எடுத்த பிளாட்டில் இருந்தேன். இனிஷியலையும் பெயரையும் ஒட்டவைத்து, பாதி எழுத்துகளை விழுங்கி அச்சடித்திருந்தார்கள். செப்டம்பர் 18 அன்று பக்கத்துத் தெருத் தொடக்கப் பள்ளியில் வந்து ஓட்டுப் போடலாம் என்றது அந்த அட்டை. ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா வேண்டாமா என்ற பொதுவாக்கெடுப்பு. நானோ இந்தியப் பாஸ்போர்ட்டோடு படிக்க வந்தவன். என்னவோ தவறுதலாக அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து, பீட்சா கடை நோட்டீஸ்களோடு டிராயரில் போட்டுவிட்டேன்.

தவறெல்லாம் ஒன்றுமில்லை. அந்தச் சமயத்தில் இங்கே வீட்டுக்கு ஒரு படிவம் வரும், குடியிருக்கும் எல்லார் பெயரையும் ஒருவரே எழுதி அனுப்பலாம். எங்கள் பிளாட்டில் இருந்த உள்ளூர்ப் பையன் என் பெயரையும் எழுதி அனுப்பியிருக்கிறான். வாக்கெடுப்புக்கு மறுநாள் காலை, தூக்கமில்லாத கண்களோடு "நீ போட்டாயா?" என்று கேட்டான். இல்லை என்றதும் அவன் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அன்று ஓட்டுப் போட்டவர்கள் 84.6 சதவீதம். வேண்டும் என்றவர்கள் 45, வேண்டாம் என்றவர்கள் 55. இந்த நாட்டின் தலையெழுத்தைப் பற்றி என்னிடமும் கேட்டார்கள், நான் டிராயரில் போட்டேன்.

2026 மே 7 அன்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்தல். இந்த மடல் அதற்காகத்தான். யாருக்குப் போடுங்கள் என்று சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல நம் வாட்சப் குழுக்களில் ஏற்கெனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.

முதல் விஷயம், உங்களுக்கு ஓட்டு உண்டு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். இந்தியா, இலங்கை இரண்டும் காமன்வெல்த் நாடுகள். இங்கே இருக்க முறையான விசா கையில் இருந்தால், மாணவர் விசாவோ வேலை விசாவோ எதுவானாலும், இந்த நாடாளுமன்றத்துக்கும் கவுன்சிலுக்கும் ஓட்டுப் போடலாம். லண்டன் நாடாளுமன்றத் தேர்தலிலும் போடலாம். இது புதுச் சட்டம்கூட இல்லை, எனக்கு 2014-இல் அட்டை வந்ததே இதனால்தான். 2020-இல் ஹோலிரூட்டில், அதாவது எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில், வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: எந்த நாட்டுக் குடியுரிமை என்றாலும் சரி, சட்டப்படி இங்கே வாழ்ந்தால் ஸ்காட்லாந்துத் தேர்தல்களில் ஓட்டு உண்டு. நார்வே, சுவிஸ் பாஸ்போர்ட்டோடு இங்கே குடிவந்த ஈழத்து உறவுகளுக்கு அதற்குமுன் இந்த உரிமை கிடையாது. ஜெர்மன், பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஹோலிரூட்டில் உண்டு, லண்டனுக்கு இல்லை. புகலிட விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் வருடக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு மட்டும் இரண்டிலும் இல்லை. கிளாஸ்கோவில் அப்படிக் காத்திருக்கும் நம்மவர்களை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்தாவது மற்றவர்கள் அட்டையை டிராயரில் போடாமல் இருக்கலாம்.

"ஓட்டுப் போட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா அண்ணா?" போன பொங்கல் விழாவில், கையில் சர்க்கரைப் பொங்கல் தட்டோடு ஒரு தம்பி என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டான். வராது. சட்டம் கொடுத்த உரிமையைத்தான் பயன்படுத்துகிறோம். இந்தியக் குடியுரிமை போவது வேறு நாட்டுக் குடியுரிமையை எடுத்தால்தான், இங்கே பெட்டியில் சீட்டுப் போட்டால் இல்லை. பெயரும் முகவரியும் வெளியே போகுமோ என்று பயந்தால், யாரும் வாங்கக்கூடிய அந்தத் திறந்த பட்டியலில் என் பெயர் வேண்டாம் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம். அப்புறம் ஒரு ரகசியம்: வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கிரெடிட் ஸ்கோருக்கும் நல்லது. வீட்டுக்கடன் வாங்கும்போது நினைத்துக்கொள்வீர்கள்.

அடுத்து, யார் எதற்குப் பொறுப்பு என்பது. விசா, நிரந்தரக் குடியிருப்பு, அதற்கான கட்டணம் எல்லாம் லண்டன் கையில். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுக்கும் வழியை மூடியது லண்டன் அரசு. ஸ்காட்லாந்துக்குத் தனி விசா வேண்டும் என்று எடின்பரோ கேட்டுக்கொண்டே இருக்கிறது, லண்டன் மறுத்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் உங்கள் மருத்துவமனை, பிள்ளையின் பள்ளி, 22 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசப் பஸ், கவுன்சில் டாக்ஸ் என்னும் வீட்டு வரி, வாடகைச் சட்டம் எல்லாம் ஹோலிரூட் வட்டத்துக்குள் வருகின்றன. நம்மவர்கள் நாள் முழுக்கத் திட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான்.

நம் விருந்துகளில் பிரியாணிக்கு அடுத்தபடியாக வருவது வருமான வரிப் பேச்சு. கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் ஆரம்பிப்பார். அவர் கணக்குத் தப்பில்லை. இங்கே ஆண்டுச் சம்பளம் 43,662 பவுண்டைத் தாண்டியவுடன், தாண்டிய தொகைக்கு 42 சதவீத வரி. இங்கிலாந்தில் 50,270-ஐத் தாண்டினால்தான் 40. சம்பளத்தில் பிடிக்கும் தேசியக் காப்பீட்டின் (நேஷனல் இன்சூரன்ஸ்) 8 சதவீதம் 50,270 வரை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆக, இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவரின் சம்பள உயர்வில் சரிபாதி அவர் கைக்கு வருவதே இல்லை. ஐம்பதாயிரம் வாங்குபவர் 2025-26 கணக்கில், இங்கிலாந்தில் அதே சம்பளம் வாங்குபவரைவிட ஏறக்குறைய 1,500 பவுண்டு அதிகம் கட்டுகிறார். முப்பதாயிரத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு வரி கொஞ்சம் குறைவு என்று அரசு பெருமையாகச் சொல்லும். அந்தக் கொஞ்சம் 2025-26-இல் அதிகபட்சம் 28 பவுண்டு. இரண்டு பேர் வெளியே போய் தோசை சாப்பிட்டுக் காபி குடித்தால் தீர்ந்தது.

ஆனால் அதே நண்பரின் மனைவி இங்கே பிரசவத்துக்குப் போனபோது வீட்டுக்கு ஒரு பெட்டி வந்ததே, அதைப் பற்றி அவர் பேச மாட்டார். 2017-லிருந்து இங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரசு அனுப்பும் பெட்டி: சின்னச் சின்ன உடுப்புகள், வெப்பமானி, போர்வை, படப் புத்தகங்கள். பெட்டியின் அடியில் மெத்தை இருக்கும், குழந்தையை அதிலேயே தூங்கவைக்கலாம். அவர் வீட்டில் அது இப்போது பத்துக் கிலோ பொன்னி அரிசி மூட்டைக்குத் தொட்டிலாக இருக்கிறது, நானே பார்த்தேன். மருந்துச் சீட்டுக்கு இங்கே 2011-லிருந்து காசில்லை, இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. மாதம் மூன்று மாத்திரை வாங்கும் மாமனார் வீட்டில் இருந்தால் கணக்கு வேறு மாதிரி தெரியும். என்னைக் கேட்டால், வரி கட்டுவதில் எனக்கு வருத்தமில்லை. அந்த 43,662-இல் வரும் திடீர்ச் செங்குத்துதான் அபத்தம். அதைச் சரிசெய்வோம் என்று எந்தக் கட்சி தெளிவாகச் சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இதற்கு நேரெதிராக நினைக்கலாம். நினைப்பதைச் சீட்டில் காட்டுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

கவுன்சில் டாக்ஸ் பற்றி ஒரே வரி: 1991 ஏப்ரல் மாத விலையை வைத்துத்தான் இன்னமும் நம் வீடுகளை வரிப் பிரிவுகளாக (band) பிரிக்கிறார்கள், எல்லாக் கட்சிக்கும் அது தப்பென்று தெரியும், எவருக்கும் தொடத் துணிவில்லை.

வாடகை வீட்டுக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் நான் பணம் இழந்தவன். முதல் பிளாட்டைக் காலிசெய்தபோது வீட்டுக்காரர் டெபாசிட்டில் முன்னூறு பவுண்டைப் பிடித்துக்கொண்டார். காரணம்: சமையலறைத் திரைச்சீலையில் மசாலா வாசனை போகவில்லையாம். அந்தத் திரைச்சீலையை நான் முந்தின நாள்தான் துவைத்து, ஹீட்டர் மேல் காயப்போட்டு, ஈரம் போனதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்து மாட்டியிருந்தேன். வெளியூரிலிருந்து வந்தவர்கள், நமக்கேன் வம்பு என்று விட்டுவிட்டேன். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, டெபாசிட்டை வாங்கியவர் 30 வேலைநாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டிருக்க வேண்டும். 2011-இல் ஹோலிரூட் கொண்டுவந்த விதி அது. போடாவிட்டால் டெபாசிட்டைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். வீட்டைவிட்டு வந்த மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். 2017 டிசம்பருக்குப் பிறகு போட்ட வாடகை ஒப்பந்தம் என்றால், "வருடம் முடிந்தது, காலி செய்" என்று சும்மா சொல்லி வெளியேற்றவும் முடியாது. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று வேண்டும்.

2024 மே மாதம் நாடு முழுவதற்கும் வீட்டுவசதி நெருக்கடி என்று இங்கே அறிவித்தார்கள். 2025-இல் புதிய வீட்டுவசதிச் சட்டம் வந்தது. கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்படும் இடங்களில் வாடகையை விலைவாசி உயர்வோடு ஒரு சதவீதம் கூட்டி, அதிகபட்சம் 6 சதவீதம் வரைதான் ஏற்றலாம். எந்தப் பகுதி, எப்போது, எந்த வீடுகளுக்கு விலக்கு என்பதையெல்லாம் அடுத்து வருகிறவர்கள்தான் நடைமுறைப்படுத்தப்போகிறார்கள். கட்டுப்பாடு வந்தால் புதிதாக வீடு கட்ட ஆள் வராது என்று ஒரு தரப்பு சொல்கிறது. அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் ஒரே அறைக்கு மூன்று மாணவர்கள் முறைவைத்துத் தூங்குவதை நம் ஆட்கள் மத்தியில் பார்த்தவன் நான், நடுநிலை வகிக்க வரவில்லை.

ஓட்டுச்சாவடிக்குள் போனால் கையில் இரண்டு சீட்டுக் கொடுப்பார்கள். முதல்முறை போனபோது நான் குழம்பிப்போனேன். இளம் ஊதா நிறச் சீட்டு உங்கள் தொகுதி ஆளுக்கு. நம்மூர் மாதிரிதான், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார். அப்படி 73 பேர். பீச் நிறச் சீட்டில் கட்சிக்குப் போட வேண்டும். எட்டு வட்டாரம், வட்டாரத்துக்கு ஏழு பேர், ஆக 56. தொகுதிகளில் நிறைய ஜெயித்த கட்சிக்கு இந்த இரண்டாவது சீட்டில் விழும் ஓட்டை வகுத்துக் குறைத்துக்கொண்டே போவார்கள். 2021-இல் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி (எஸ்.என்.பி.) 62 தொகுதிகளை வென்றது. பட்டியல் ஓட்டிலும் பத்தில் நான்கு அவர்களுக்குத்தான். ஆனால் பட்டியலில் கிடைத்தது வெறும் இரண்டு இடம். பசுமைக் கட்சி ஒரு தொகுதிகூட ஜெயிக்காமல் பட்டியலிலேயே எட்டு இடம் பிடித்தது. அதனால், "என் தொகுதியில் யார் ஜெயிப்பார் என்று ஏற்கெனவே தெரியும், நான் போய் என்ன ஆகப்போகிறது" என்கிறவர்கள் அந்தப் பீச் நிறச் சீட்டைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

ஒரு ஓட்டில் என்ன இருக்கிறது என்கிறவர்களுக்கு: 2025 ஜூனில் ஹாமில்டன், லார்க்ஹால், ஸ்டோன்ஹவுஸ் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. லேபர் கட்சி எஸ்.என்.பி.யை 602 ஓட்டில் தோற்கடித்தது. குடியேற்றத்தைக் குறைப்பதையே முழக்கமாகக் கொண்ட ரிஃபார்ம் யுகே 26 சதவீதம் வாங்கி மூன்றாவதாக வந்தது. ஓட்டுப் போட வந்தவர்கள் பாதிகூட இல்லை, 44 சதவீதம். 602 பேர் என்றால் ஒரு பெரிய தீபாவளி விழாக் கூட்டம். நம்மைப் பற்றித்தான் தேர்தல் மேடைகளில் பேச்சு நடக்கிறது. நாம் அந்த நேரத்தில் மண்டபத்துக்குள் பரதநாட்டியம் எப்போது முடியும், சாப்பாடு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சுதந்திரப் பேச்சு மறுபடியும் வரும். இன்னொரு வாக்கெடுப்பை ஹோலிரூட் தானாக நடத்த முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தாலும் அது ஓயாது. நம் மேசைகளில் அதை எடுத்தால் ஒருவர் ஈழத்தைச் சொல்வார், ஒருவர் பெரியாரைச் சொல்வார், ஒருவர் பவுண்டின் மதிப்பைச் சொல்வார், சாம்பார் ஆறிவிடும். அதற்குள் நான் போகவில்லை.

வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை இருந்தால் அதற்கும் ஓட்டு உண்டு. பதினான்கிலேயே பதிவு செய்யலாம். என் அக்கா மகள் போன வருடம் பதிவு செய்தாள், பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்தார்களாம். "மாமா, நீங்கள் பட்டியலில் இருக்கிறீர்களா?" என்று அவள் கேட்டபோது, நல்லவேளை, இருந்தேன்.

வேலை இதுதான். ஏப்ரல் 20 நள்ளிரவுக்குள் பதிவு செய்ய வேண்டும். இணையத்தில் ஐந்து நிமிடம், நேஷனல் இன்சூரன்ஸ் எண் கையில் இருந்தால் போதும். வீடு மாறியிருந்தால் புது முகவரியில் மறுபடியும் பதிய வேண்டும், நம்மவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். லண்டன் தேர்தலுக்குப் புகைப்பட அடையாள அட்டை கேட்பார்கள், இதற்குக் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்த அட்டையை மறந்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை, பெயரும் முகவரியும் சொன்னால் போதும். காலை 7 மணியிலிருந்து இரவு 10 வரை திறந்திருக்கும். நைட் ஷிஃப்ட் முடித்துவரும் நர்ஸ் அக்காக்கள் காலையில் நேரே போகலாம். எனக்கு வேலை முடிய ஏழாகும், அதன்பிறகு பள்ளிக்கூட வாசலில் இருப்பேன். பெயரைச் சொன்னால் புரியாமல் மூன்று தடவை கேட்பார்கள், எழுத்துக்கூட்டிச் சொல்லத் தயாராகப் போங்கள்.

அன்புடன்,
கிளாஸ்கோ தெற்குப் பகுதியிலிருந்து ஒரு தமிழன்