செவலையைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு வட்டாரத்து நல்லோர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற புரட்டாசியில் என் வீட்டு நாய் செவலையைக் கண்ணாடி விரியன் தீண்டிய அன்று தொடங்கி, அது தானாக எழுந்து கஞ்சி குடித்த ஐந்தாம் நாள் வரை என்னோடு நின்றவர்கள் பலர். நேரில் நன்றி சொல்ல வந்தால், "ஒரு நாய்க்கா இத்தனை பேச்சு, சார்வாள்" என்று சிரித்துக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். ஆகவே எழுத்தில் சொல்கிறேன்.

தவறு என்னுடையது. கார் பருவ நெல் அறுவடை முடிந்த வயல் எலிகளுக்கு விருந்துச் சாப்பாடு; எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும் என்பதை முப்பது ஆண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொன்னவன், மாலை ஆறரை மணிக்கு, கையில் டார்ச் இல்லாமல், நாய்ச் சங்கிலியைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். செவலை முன்னே ஓடி வைக்கோல் குவியலுக்குள் காலை விட்டது. குக்கரில் ஆவி பீறிடுவது போன்ற சீறலும் அதன் அலறலும் ஒன்றாகவே கேட்டன. முன்னங்கால் பாதத்துக்குச் சற்று மேலே இரண்டு துளிகளாக இரத்தம் கசிந்தது. வயலைக் கடப்பதற்குள் கால் உருண்டு திரண்டு வீங்கிவிட்டது.

முதல் நன்றி, என்னைத் தடுத்தவர்களுக்கு. துண்டை எடுத்துக் காலை இறுக்கிக் கட்டப் போன என் கையைப் பிடித்து நிறுத்தியவர், அறுவடை இயந்திரம் ஓட்ட வந்திருந்த தம்பி. விரியன் நஞ்சு கடித்த இடத்துச் சதையையே அழிக்கக்கூடியது, இறுகக் கட்டினால் நஞ்சு அங்கேயே தேங்கிக் கால் அழுகிப்போகும் என்று அவர் சொன்னபோது, எனக்குக் கோபம்தான் வந்தது. கடிவாயைப் பிளேடால் கீறச் சொன்னவரையும், மிளகை அரைத்துப் புகட்டச் சொன்னவரையும் விலக்கியவர் அவரே. நாயை நடக்க விட்டால் நஞ்சு உடலில் விரைந்து பரவும் என்று சாக்கில் கிடத்தித் தாமே தூக்கினார். வீக்கம் மேலேறினால் மூச்சை அடைக்கும் என்று கழுத்துப்பட்டையையும் கழற்றியெறிந்தார். வலியில் வளர்த்தவரையே கடிக்கும் என்பதால் என் துண்டு கடைசியில் அதன் வாயைச் சுற்றித் தளர்வாகக் கட்டத்தான் பயன்பட்டது.

கம்பை எடுத்துக்கொண்டு ஓடிய இளைஞர்களை நிறுத்தி, எட்ட நின்றே கைபேசியில் பாம்பைப் படம் பிடித்துத் தந்த எதிர்வீட்டுச் சேட்டனுக்கும் என் வணக்கம். சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசை வட்டங்களைக் கண்டதும், "அணலி, சம்சயமில்லை" என்றார். நாம் கண்ணாடி விரியன் என்பதை மலையாளத்துக்காரர்கள் அணலி என்பார்கள். நம் கட்டுவிரியன் அவர்களுக்கு வெள்ளிக்கெட்டன். 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் சேர்ந்திருந்த ஊர் என்பதாலோ என்னவோ, எங்கள் தெருவில் இரண்டு பெயர்களும் செல்லும். அந்தப் படம் வெறும் வேடிக்கைக்கு எடுத்தது அன்று. நம் நாட்டில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு உரியது. இந்த மலைக்காடுகளில் இருக்கும் கூன்மூக்குக் குழிவிரியனுக்கு அது உதவாது. எது கடித்தது என்று தெரிந்ததால்தான் மருத்துவர் தயங்காமல் ஊசியைக் கையில் எடுத்தார்.

முதலில் போன இடத்தில் மருந்து இல்லை. நாய்க்கெல்லாம் இருப்பு வைப்பதில்லை என்றார்கள். அதைப் பற்றி மேலும் எழுத விருப்பமில்லை. லோடு ஆட்டோ அண்ணாச்சி வண்டியை அணைக்காமலே நின்றிருந்தார்; அடுத்த இடத்துக்குப் போகும் வழியிலேயே கால்நடை மருத்துவரான டாக்டர் அம்மாவைக் கைபேசியில் பிடித்துவிட்டார்.

டாக்டர் அம்மா செய்ததை எப்படி எழுதுவது! சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துக் காட்டினார். உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீர்போல் ஓடியது. கையிலிருந்த இரண்டு குப்பிகளையும் அவருடைய உதவியாளர் குலுக்காமல், நுரை வராமல், உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கரைத்த பொறுமையைப் பார்த்து எனக்குத்தான் பொறுமை போனது. மருந்தே ஒவ்வாமல் போகலாம் என்பதால் அதற்கான ஊசியையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் டிரிப்பைத் திறந்தார். பதினான்கு கிலோ நாய்க்கு அரைக் குப்பி போதாதா என்று கேட்டேன். உள்ளே போன நஞ்சின் அளவுக்குத்தான் மருந்து, உடம்பின் அளவுக்கு இல்லை என்றார்.

மேலும் இரண்டு குப்பிகள் வேண்டியிருந்தன. அண்ணாச்சியின் மைத்துனர் புனலூரில் மருந்துக் கடைகளைத் தட்டி, டாக்டர் அம்மா அனுப்பிய சீட்டைக் காட்டி அவற்றை வாங்கினார். உலர்த்திய பொடி என்பதால் பனிக்கட்டிப் பெட்டி தேவைப்படவில்லை. ஒரு துணிப்பையில் சுற்றி, தென்காசி வரும் கேரள அரசுப் பேருந்தின் நடத்துநரிடம் ஒப்படைத்தார். தென்மலை, ஆரியங்காவு என்று மலைப்பாதை வளைவுகளை எல்லாம் கடந்து, இரவு பத்தரைக்கு அந்தப் பை என் கைக்கு வந்தது. முதல் மருந்து ஏறி ஆறு மணி நேரம் கழித்துச் செய்த சோதனையிலும் இரத்தம் உறையாததால் அவையும் ஏறின. விடியற்காலைக் குழாயில் இரத்தம் கட்டியாக நின்றது. சிறுநீரகம் கெடுகிறதா என்று அடுத்த மூன்று நாள், அது எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது, என்ன நிறத்தில் கழிக்கிறது என்று குறித்து வைத்த என் மருமகளுக்கும் இங்கேயே நன்றி.

நான் பார்த்தறியாதவர்களுக்கும் சொல்ல வேண்டும். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடந்துவருகிறது. பாம்புகளைச் சில வாரம் மண்பானையில் வைத்து நஞ்சு எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடும் அந்த மக்களிடமிருந்துதான் மருந்து நிறுவனங்கள் நஞ்சை வாங்குகின்றன. குதிரைக்கு அதைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து எடுப்பதே அந்தப் பொடி. குதிரைக்கு மடல் எழுத வழியில்லை.

எங்கள் தெருவில் இப்போது வைக்கோலைக் களத்தோடு கட்டிவிடுகிறோம். பொழுது சாய்ந்தபின் நாய்களை வரப்பில் விடுவதில்லை. பகலிலும் நான்கடிச் சங்கிலி, புல் வளராத வண்டிப்பாதை, முன்னே தட்டிச் செல்ல ஒரு கம்பு. செவலைக்கு இது பிடிக்கவில்லை. தழும்பிருந்த இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை, ஆனால் நொண்டல் போய்விட்டது.

பேருந்து நடத்துநர் சேட்டனுக்கு ஒரு வார்த்தை. பைக்கு உரிய கட்டணத்தை வாங்க மறுத்து, பெயரையும் சொல்லாமல் மணி அடித்துப் புறப்பட்டுவிட்டீர்கள். அந்தப் பணம் உறையிலிட்டு என் மேசையில் இருக்கிறது. தினமும் இரவு பத்தரைக்குப் புளியரை நிறுத்தத்தில் செவலையோடு நிற்கிறேன்; அடுத்த முறை இந்தத் தடத்தில் வரும்போது ஒரு நிமிடம் இறங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், புளியரை