ஒரே சந்தையாம், சொல்கிறார்கள்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரபு நாடுகளின் பொருளாதார ஒருங்கிணைப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த நீண்ட கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ‘வளைகுடாவின் ஆறு நாடுகளும் இன்று ஒரே சந்தை, சரக்கும் மனிதர்களும் தடையின்றி எல்லை தாண்டுகிறார்கள்’ என்ற வரி மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது. கட்டுரையாளர் எந்த எல்லையைத் தாண்டினாரோ தெரியாது. விமானத்தில் தாண்டியிருப்பார். நான் டிரெய்லரில் தாண்டியவன். அமீரகத்தில் சரக்கு ஏற்றி, அதன் எல்லைச் சாவடியான குவைஃபாத் வழியாகச் சவூதியின் பத்தா பார்டருக்குள் நுழைந்து, ரியாத், தம்மாம் என்று ஓட்டிப் பிழைத்தவன்.

சவூதி, அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமான் என்ற ஆறும் சேர்ந்த வளைகுடா ஒத்துழைப்பு மன்றம் 1981-ல் தொடங்கியதும், 2003-ல் சுங்க ஒன்றியமும் 2008-ல் பொதுச் சந்தையும் வந்ததும் தாங்கள் அறியாததல்ல. வெளிநாட்டுச் சரக்கு முதலில் இறங்கும் துறைமுகத்தில் 5 சதவீத வரியைக் கட்டிவிட்டால் ஆறு நாட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். பத்தாவில் இருந்த ஜும்ருக் (சுங்க) அதிகாரிக்கு அதை யாரும் படித்துக் காட்டவில்லை போலும். துபாயில் வரி கட்டிய ரசீது கையில் இருக்கிறது, வண்டியில் சீல் இருக்கிறது. “சீலை வெட்டு” என்றார். சோப்பு, கிரீம் பிஸ்கட் பெட்டிகள் அத்தனையையும் மேடையில் இறக்கச் சொன்னார். இறக்கினோம். ஜூலை மாத வெயில்; மேடை இரும்பில் செருப்பு ஒட்டுகிறது. மோப்ப நாய் ஒரு சுற்று வந்தது. அதற்காவது காலில் சாக்ஸ் மாட்டியிருந்தார்கள். திரும்ப ஏற்றச் சொன்னார். ரியாத் போய்ச் சேர்ந்தபோது பிஸ்கட் அட்டையெல்லாம் எண்ணெய் கசிந்து கிடந்தது. கடைக்காரர் எடுக்க மாட்டேன் என்றார், அர்பாப் (முதலாளி) என் சம்பளத்தில் பிடித்தார். சுங்க ஒன்றியத்தின் சாதனைக் கணக்கில் அந்தப் பணம் எந்தத் தலைப்பில் வரும் என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

2009 கோடை இதைவிட மோசம். டிரைவர்கள் எல்லோரிடமும் கைரேகை எடுக்க வேண்டும் என்று சவூதித் தரப்பு சொல்லிவிட, குவைஃபாத்தில் கிலோமீட்டர் கணக்கில் லாரிகள் நின்றன. நாங்கள் வண்டிக்கு அடியில், சேஸின் நிழலில் பாய் விரித்துப் படுத்தோம். வரிசை நகரும்போது எழுந்து ஓட்டுவது, மறுபடி படுப்பது. ஏசி போட்டால் டீசல் தீர்ந்துவிடும். கேனில் இருந்த தண்ணீர் டீ போடுகிற சூட்டில் இருக்கும். பெஷாவர்க்காரர் ஒருவர் தன் குபூஸ் ரொட்டியைப் பிய்த்துக் கொடுக்காவிட்டால் என் பாடு என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. பொதுச் சந்தை பிறந்து அப்போது ஒன்றரை வருடம்.

சரி, எங்களை விடுங்கள், நாங்கள் வெளிநாட்டுக்காரர்கள். அதே 2009 ஆகஸ்டில் சவூதி என்ன செய்தது? அமீரகக் குடிமக்களின் பத்தாக்காவை, அதாவது அடையாள அட்டையை, எல்லையில் ஏற்க மாட்டோம், பாஸ்போர்ட் கொண்டு வாருங்கள் என்றது. காரணம், அந்த அட்டையில் அச்சாகியிருந்த வரைபடம்! 1974-ல் போட்ட எல்லை ஒப்பந்தத்தோடு அது ஒத்துப்போகவில்லையாம். அதற்குச் சில மாதம் முன்புதான், பொது நாணயத்துக்கான மத்திய வங்கி ரியாத்தில் அமையும் என்று முடிவானதும் அமீரகம் அந்தத் திட்டத்திலிருந்தே விலகிக்கொண்டது. ஓமான் 2006-லேயே கழன்றுவிட்டது. 2010-ல் வரவேண்டிய நாணயம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. ‘ஐரோப்பாவுக்கு நிகரான’ என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்களே, இதையெல்லாம் விசாரித்த பிறகுதானா?

‘மனிதர்களும் தடையின்றி’ என்பதற்கு வருகிறேன். பொதுச் சந்தையின் உரிமைகள் ஆறு நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியவை. அந்தச் சரக்கை ஏற்றி, இறக்கி, ஓட்டுகிற எங்களுக்கு ஒரு நாட்டின் இகாமா (குடியிருப்பு அனுமதி) இன்னொரு நாட்டில் வேலை செய்யச் செல்லாது. சவூதிக்குள் வண்டி ஓட்டிப் போகத் தனி விசா. கஃபீல் (விசா ஸ்பான்சர்) மனது வைக்காவிட்டால் இருக்கிற ஊரிலேயே வேலை மாற முடியாத காலத்தையும் பார்த்தாகிவிட்டது. ஆறு நாட்டுக்கும் ஒரே சுற்றுலா விசா என்று 2023 நவம்பரில் உள்துறை அமைச்சர்கள் ஒப்புதல் தந்ததைக் கட்டுரை கொண்டாடுகிறது. சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் வாழ்த்துகள்.

2017 ஜூன் 5-ம் தேதி கத்தாருடன் சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் உறவை முறித்தன. நோன்பு மாதம் அது. கத்தாருக்குத் தரைவழி வாசல் ஒன்றே ஒன்றுதான், சல்வா. ராத்திரியோடு ராத்திரியாக அதை மூடியதில் எங்கள் கம்பெனி வண்டிகள் சரக்கோடு திரும்பி வந்தன. தோஹாவில் சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்த என் மச்சான், சாயங்காலத்துக்குள் பால் அலமாரி காலியாகிவிட்டது என்று போனில் சொன்னார். பிறகு துருக்கிப் பால் வந்தது, பசுக்களே விமானம் ஏறி வந்து இறங்கின. 2021 ஜனவரியில் சவூதியின் அல் உலாவில் சமரசம் கையெழுத்தாகும்வரை, மூன்றரை வருடம், ‘ஒரே சந்தை’ அப்படித்தான் நடந்தது. கையெழுத்திட்ட அதே ஆண்டு ஜூலையில், தடையற்ற வர்த்தக மண்டலங்களில் தயாரான பொருளுக்கு வரிச் சலுகை கிடையாது என்று சவூதி அறிவித்தது. அமீரகத்தில் எத்தனையோ தொழில் அந்த மாதிரி மண்டலத்தில்தான் என்பதை நான் சொல்லியா தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்?

குறை மட்டுமே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆறு நாட்டு மின்கட்டமைப்பை இணைத்திருக்கிறார்கள், அது வேலை செய்கிறது. மின்சாரத்துக்குக் கைரேகை எடுக்க முடியாது அல்லவா.

கட்டுரையோடு ஓர் அட்டவணையும் போட்டிருந்தீர்கள். 1964 அரபுப் பொதுச் சந்தை, 1989 மக்ரெப் (வட ஆப்பிரிக்க அரபு நாடுகள்) ஒன்றியம், 2005 முதல் அரபு நாடுகளின் பெரிய தடையற்ற வர்த்தகப் பகுதி என்று வரிசையாக ஆண்டுகள். ஸ்கூல் கல்வெட்டு மாதிரி திறப்பு விழாத் தேதி மட்டும்! மக்ரெப் ஒன்றியத்தின் இரண்டு பெரிய உறுப்பினர்களான அல்ஜீரியாவும் மொராக்கோவும் தரை எல்லையை 1994-லிருந்து மூடி வைத்திருக்கின்றன. 2021-ல் அல்ஜீரியா தூதரக உறவையும் துண்டித்து, மொராக்கோ வழியாக ஸ்பெயினுக்குப் போன எரிவாயுவையும் நிறுத்திக்கொண்டது. அதே 1989-ல் ஈராக், எகிப்து, ஜோர்டான், வட ஏமன் சேர்ந்து இன்னொரு மன்றம் கண்டன. மறு வருடமே ஈராக் குவைத்துக்குள் புகுந்தது, மன்றம் கரைந்தது. அரபு நாடுகள் தங்களுக்குள் செய்யும் வியாபாரம் அவற்றின் மொத்த வியாபாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்பது எல்லா அறிக்கையிலும் இருக்கிறது. தங்கள் அட்டவணையில் மட்டும் இல்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். 2017-ல் சல்வா மூடியபோது இதே முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினேன், வெளிவரவில்லை. அந்த வாரம் ஒட்டகப் பந்தயம் பற்றிய வண்ணப் பக்கம் வந்தது. தங்கள் வளைகுடாச் சிறப்பிதழில் நகைக்கடை விளம்பரங்களுக்கு இடையே மாளிகை, கோபுரம், பாலைவன விருந்து எல்லாம் பார்த்தேன். லாரி ஒன்றைக்கூடக் காணோம். அந்த விருந்துக்கு ஆட்டிறைச்சி எப்படி வந்தது என்று தங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தோன்றாதது ஆச்சரியமில்லை. நாங்கள் சந்தா கட்டுகிறவர்கள், அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அந்த அட்டவணையைத் திரும்பப் போடுங்கள். ‘உருவான ஆண்டு’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘இன்றைய நிலை’ என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். பொதுச் சந்தை குடிமக்களுக்கு மட்டும் என்பதை அடிக்குறிப்பாகவாவது தர வேண்டும். இடம் போதாமல் இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் அல்ஜீரியா விவரத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். பத்தா பத்தியில் கைவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர், முன்னாள் டிரெய்லர் ஓட்டுநர்,
பட்டுக்கோட்டை.