செர்னோபிலுக்கு நிதி தரும் நாடுகளுக்கு: ஸ்லாவுத்திச் ஊரையும் கணக்கில் சேருங்கள்

மதிப்பிற்குரியீர்,

உக்ரைனின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் 1986-ல் வெடித்த 4-ஆம் உலையை மூடி நிற்கும் எஃகுக் கூரைக்கு 40-க்கும் மேற்பட்ட நாடுகள் பணம் தந்தீர்கள். நூறாண்டு தாங்க வேண்டும் என்று திட்டமிட்ட 36,000 டன் கூரை. 2016 நவம்பரில் உலைக்கு மேலே நகர்த்தி நிறுத்தினார்கள். 2025 பிப்ரவரி 14 அன்று ஒரு ட்ரோன் அதில் ஓட்டை போட்டது. இப்போது அதைச் செப்பனிடுவது பற்றிப் பேசுகிறீர்கள். பேசத்தான் வேண்டும். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் ஸ்லாவுத்திச் ஊரைப் பற்றியும் சேர்த்துப் பேசுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1986 விபத்தில், நிலைய ஊழியர்கள் அதுவரை குடியிருந்த பிரிப்யாத் நகரம் காலியானது. ஆனால் மற்ற மூன்று உலைகளும் மறுபடி ஓடின. ஓட்டுகிறவர்கள் எங்கே தங்குவது? நீப்பர் ஆற்றுக்குக் கிழக்கே காட்டுக்குள் 8 சோவியத் குடியரசுகளின் கட்டடத் தொழிலாளர்கள் ஸ்லாவுத்திச்சைக் கட்டினார்கள். தாலின், ரிகா, யெரெவான், பாக்கு என்று குடியிருப்புகளுக்குக் கட்டியவர்களின் ஊர்ப் பெயர்கள். 1988-ல் மக்கள் குடியேறினார்கள். சம்பளம், வீடு, வெந்நீர், பள்ளிக்கூடம் எல்லாமே அந்த ஒரே நிலையத்தை நம்பித்தான்.

1995-ல் ஜி-7 என்ற பணக்கார நாடுகளின் குழுவும் ஐரோப்பிய ஆணையமும் உக்ரைனோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டன: 2000-க்குள் நிலையத்தை மூட வேண்டும், பதிலுக்கு உதவி கிடைக்கும். 2000 டிசம்பர் 15 அன்று கடைசி உலை நின்றது. சொன்ன சொல்லை உக்ரைன் காப்பாற்றியது. ஊருக்கு என்ன கிடைத்தது? புதுத் தொழில்கள் வரட்டும் என்று தந்த வரிச்சலுகைகளையும் 2005-ல் உக்ரைன் அரசே எடுத்துவிட்டது. ஆயிரக்கணக்கான வேலைகள் போன பிறகும் சுமார் 25,000 பேர் அங்கேயே இருந்தார்கள். மூடிய நிலையத்துக்கும் ஆள் வேண்டும். பயன்படுத்தி முடித்த 21,000-க்கும் மேற்பட்ட அணு எரிபொருள் தொகுதிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமே.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை நிலையத்தைப் பிடித்தபோது பணியில் இருந்தவர்கள் மூன்று வாரத்துக்கும் மேலாக வீடு திரும்ப முடியவில்லை. மார்ச் 20-ல் அவர்களுக்குப் பதிலாகப் பணியை ஏற்க ஸ்லாவுத்திச்சிலிருந்து அடுத்த குழு தானாக முன்வந்து உள்ளே போனது. துப்பாக்கி ஏந்திய படைக்கு நடுவே, தெரிந்தே போனார்கள். மார்ச் 26-ல் படை ஊருக்குள்ளேயே நுழைந்தது. நகரத் தலைவரைப் பிடித்துக்கொண்டுபோனது. மக்கள் கொடியோடு சதுக்கத்தில் திரண்டார்கள். அவர் விடுவிக்கப்பட்டார், படை வெளியேறியது.

முன்பு பெலாரஸ் மண் வழியாக மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வேலைக்குப் போய்விடுவார்கள். போர் தொடங்கியதோடு அந்த ரயில் நின்றது. இப்போது செர்னிஹிவ், கீவ் என்று சுற்றித்தான் போக வேண்டும். போனால் நாள்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். 2025 அக்டோபர் 1-ல் ஸ்லாவுத்திச் துணைமின் நிலையம் தாக்கப்பட்டபோது செர்னோபில் நிலையத்துக்கே மின்சாரம் போனது. ஊரையும் நிலையத்தையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கூரைக்கு ஒதுக்கும் நிதியில் இந்த ஊருக்கென ஒரு பங்கு வையுங்கள். உக்ரைன் மண்ணுக்குள்ளேயே நேராகப் போக ஒரு வழி, துணைமின் நிலையத்துக்குப் பாதுகாப்பு, தொழிலாளர்களின் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகாமலிருக்க அணு நிலையம் சாராத வேலைகள். முதலில் வழியைப் போடுங்கள். மற்றதை ஸ்லாவுத்திச் நகர மன்றத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.