நான்கேகால் மணி நேரப் பயணத்தை இரண்டே முக்கால் என்று காட்டும் உங்கள் ஆப் மீது புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

உங்கள் டிக்கெட் ஆப்பில் மதுரை–துபாய் நேரடி விமானத்துக்குப் பயண நேரம் 2 மணி 45 நிமிடம் என்று போட்டிருக்கிறீர்கள். அது தப்பு. பகல் 12 மணிக்குக் கிளம்பி 2.45-க்கு இறங்குகிறது என்பது சரிதான், ஆனால் கிளம்புவது நம் நேரம், இறங்குவது துபாய் நேரம், அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதைச் சேர்க்காமல் வெறுமனே கழித்து வைத்திருக்கிறீர்கள். உண்மையான நேரம் 4 மணி 15 நிமிடம். திரும்பி வருவதற்கோ 5 மணி 20 நிமிடம் என்று காட்டுகிறது, அது 3 மணி 50 நிமிடம்தான்.

அதே பக்கத்தில் தூரம் சுமார் 2,950 கிலோமீட்டர் என்றும் நீங்களே போட்டிருக்கிறீர்கள். அதை இரண்டே முக்கால் மணி நேரத்தில் கடக்க மணிக்கு 1,070 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பயணிகள் ஜெட் போவது 800, 900. இதைக்கூட யாரும் சரிபார்க்கவில்லையா?

என் உம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறவர். தம்பியைப் பார்க்கத் தனியாகப் போனார். ஆப்பில் இருந்த நேரத்தை நம்பித்தான் மருந்தையும் சாப்பாட்டையும் திட்டமிட்டுக் கொடுத்தோம், இறங்கியதும் தம்பி வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று. நடுவானில் கை நடுங்கி, வியர்த்து, பக்கத்து சீட்டுக்காரர் சொல்லி விமானப் பணிப்பெண் ஜூஸ் கொடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு நன்றி. உங்கள் ஆட்களைக் கேட்டால், "விமான நிறுவனம் தரும் நேரத்தைத்தான் காட்டுகிறோம்" என்கிறார்கள். அவர்கள் தந்த நேரம் சரியாகத்தான் இருக்கிறது, கழித்தது நீங்கள்.

அப்புறம் இன்னொன்று. பாம்பன் என்று போட்டால் அருகிலுள்ள விமான நிலையம் யாழ்ப்பாணம் பலாலி, 110 கிலோமீட்டர் என்று வருகிறது! நேர்கோட்டில் பார்த்தால் மதுரையைவிட அது கிட்டதான், ஆனால் நடுவில் கடல், அந்தப் பக்கம் வேறு நாடு. எங்களுக்குப் பக்கத்தில் உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் விமானத் தளம், அங்கே எங்களுக்குப் பயணிகள் விமானம் கிடையாது. மதுரைக்கு சாலையில் சுமார் 160 கிலோமீட்டர், காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். இந்தக் கடற்கரையில் இருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர், வீட்டில் எப்போது கிளம்புவது என்பதை இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

பயண நேரத்தை இரண்டு ஊர் நேர வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக் காட்டுங்கள். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் 'துபாய் நேரம்' என்று எழுதுங்கள். விமான நிலையத்துக்கு சாலை வழித் தூரத்தைப் போடுங்கள். எங்களிடம் வாங்கிய கன்வீனியன்ஸ் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். எப்போது திருத்துவீர்கள் என்று தேதியோடு எழுத்தில் பதில் வேண்டும். வரவில்லை என்றால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்