ஆசிட் வாங்க அடையாள அட்டை வேண்டும், மரபணு வாங்க?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், செயற்கை நுண்ணறிவு மருத்துவத்தை எப்படியெல்லாம் மாற்றப் போகிறது என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் மென்பொருளுக்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றதை, படிப்பு குறைந்தவர்களுக்கும் விளங்கும்படி எழுதியிருந்தார் கட்டுரையாளர். இரண்டு முறை படித்தேன். ஆனால் இதே அறிவு கிருமியோடு விளையாட நினைப்பவனுக்கும் துணை நிற்கும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. விடுபட்ட அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் மருத்துவரோ விஞ்ஞானியோ இல்லை. 1981 முதல் 2016 வரை தென் மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில், நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் நுட்புநராக வேலை பார்த்தவள். காலராவும் டைபாய்டும் காசநோயும் நாள்தோறும் என் கைவழியாகத்தான் போய் வந்தன. அந்தக் கைகளை வைத்துத்தான் பேசுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிருமி வளர்க்கும் கூழான அகரில் ரத்தம் கலந்து ரத்த அகர் தட்டு ஊற்றக் கற்றுக்கொடுத்தார்கள். விடியுமுன் ஆடு அடிக்கும் இடத்துக்கு ஆள் அனுப்பி ரத்தம் வாங்கி வர வேண்டும். உறைந்துவிடாமல் இருக்கக் கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் விட்டுக் கைவிடாமல் சுழற்ற வேண்டும். காய்ச்சிய அகர் 45 முதல் 50 டிகிரிக்கு ஆறியதும் ரத்தத்தை அதில் சேர்க்க வேண்டும். கொஞ்சம் சூடு கூடினாலும் ரத்தம் கருகிப் பழுப்பாகிவிடும். கொஞ்சம் ஆறிவிட்டால் அகர் கட்டிகட்டியாக இறுகிவிடும். எங்கள் மூத்த நுட்புநர் வெப்பமானி வைத்துப் பார்த்ததே இல்லை. குடுவையை முன்கையின் உட்புறத்தில் ஒரு நொடி ஒற்றிப் பார்ப்பார், "ஊற்று" என்பார். புத்தகத்தில் இரண்டே வரியில் இருக்கும் இந்த வேலை எனக்குப் பிடிபட நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை நான் பாழாக்கிய தட்டுகளுக்குக் கணக்கில்லை. சமையலில் கைப்பக்குவம் என்கிறோமே, அதேதான். கிருமி வளர்ப்பதும் கைப்பக்குவம்.

இந்தக் கைப்பக்குவம்தான் இத்தனை காலமும் உலகத்துக்கு ஒரு மதிலாக நின்றது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஜப்பானில் ஓம் ஷின்ரிக்கியோ என்றொரு கூட்டம் இருந்தது. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சு வாயுவை விட்டவர்கள் அவர்கள்தான். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1993இல், டோக்கியோவின் கமெய்டோ பகுதியில் ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து ஆந்த்ராக்ஸ் கிருமியைத் தெளித்தார்கள். பணம் இருந்தது, படித்த ஆட்கள் இருந்தார்கள், கெட்ட எண்ணம் வேண்டிய அளவு இருந்தது. அக்கம்பக்கத்தார் நாற்றம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தார்கள். ஒருவருக்குக்கூட ஆந்த்ராக்ஸ் நோய் வரவில்லை. அவர்கள் வளர்த்தது கால்நடைத் தடுப்பூசிக்குப் பயன்படும் வலுவிழந்த ரகம். தெளித்த முறையும் சரியில்லை. பக்கத்தில் நின்று "இப்படி இல்லை, அப்படி" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு மூத்தவர் வாய்க்கவில்லை. அந்த ஊர் பிழைத்தது.

இப்போது அந்த மூத்தவர் எல்லார் பையிலும் இருக்கிறார்.

என் அண்ணன் மகள் கோவையில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறாள். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு வந்திருந்தவள், செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். "அத்தை, தட்டில் வளர்ந்த பாக்டீரியா எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வழிந்திருக்கிறது. மூன்று முறை போட்டுவிட்டேன், மூன்று முறையும் இப்படித்தான்" என்றாள். நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அதே படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் காட்டிவிட்டாள். அது ஒரே ஒரு கேள்வி கேட்டது: இன்குபேட்டரில் தட்டின் மூடி மேலே இருந்ததா, கீழே இருந்ததா? மேலே என்றாள். மூடியில் வியர்த்த நீர் சொட்டியிருக்கிறது, தட்டைக் கவிழ்த்து வை என்றது. 1981இல் எங்கள் மூத்தவர் என் விரல் கணுவில் பென்சிலால் தட்டிச் சொன்ன அதே வார்த்தை! அவளுக்கு அது அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாத எத்தனையோ கல்லூரிகளில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இது வரப்பிரசாதம். அவள் வளர்த்ததும் வகுப்பறைக்கான தீங்கில்லாத பாக்டீரியா. ஆனால் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கமெய்டோவில் அந்தக் கூட்டத்துக்கு இல்லாமல் போனது இதுதானே என்ற நினைப்பு வந்து வந்து போயிற்று.

இது ஒரு கிழவியின் பயம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். வைரஸ் ஆய்வகத்தில் வேலை கெட்டுப்போகும்போது எங்கே பிழை என்று கண்டுபிடிக்கும் கேள்விகளாகத் தொகுத்து, 2025 ஏப்ரலில் ஆய்வாளர்கள் சிலர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். இணையத்தில் தேடினால் எளிதில் கிடைக்காத, கைப்பழக்கத்தால் மட்டுமே தெரியக்கூடிய கேள்விகள். வைராலஜி வல்லுநர்கள், அவரவர் துறைக் கேள்விகளிலேயே, சராசரியாக 22 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். ஓப்பன் ஏஐ நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்று ஏறக்குறைய 44 சதவீதம் சரியாகச் சொன்னது. கேள்விக்கு விடை சொல்வது வேறு, கையால் செய்வது வேறு என்பதை என்னைவிட அறிந்தவர்கள் குறைவு. ஆனாலும் மதிலில் கல் பெயர்ந்துவிட்டது. அதே 2025இல் ஆந்த்ரோபிக், ஓப்பன் ஏஐ ஆகிய நிறுவனங்கள் உயிரியல் அபாயத்தைக் காரணம் காட்டித் தங்கள் புதிய மாதிரிகளுக்குத் தாங்களாகவே கூடுதல் பூட்டுப் போட்டன. செய்தவர்களே அஞ்சும்போது நாம் ஏன் பேசாமல் இருக்கிறோம்?

கெட்டவனை மட்டும் நினைத்து இதை நான் எழுதவில்லை. 1984இல் எங்களோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் டைபாய்டில் இருபது நாள் கிடந்தார். அப்போதெல்லாம் திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட் குழாயை வாயில் வைத்துத்தான் உறிஞ்சுவோம். பஞ்சு அடைத்திருப்போம், பழகிய கைதான். இருந்தும் ஒரு நாள் தவறிவிட்டது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1978இல் நடந்தது இன்னும் கொடுமை. உலகம் முழுவதும் பெரியம்மை ஒழிந்த பிறகு, மருத்துவக் கல்லூரி ஆய்வகத்திலிருந்து அந்த வைரஸ் வெளியேறி, அதே கட்டடத்தில் மேல் மாடியில் வேலை பார்த்த ஜேனட் பார்க்கர் என்ற புகைப்படக் கலைஞரைக் கொன்றது. ஆய்வகத் தலைவர் பேராசிரியர் பெட்சன் உயிரை மாய்த்துக்கொண்டார். தேர்ந்தவர்கள் கையிலேயே இப்படி என்றால், செல்பேசியைப் பார்த்துக்கொண்டே பழகும் கைகள் பெருகினால் என்ன ஆகும்?

பெரியம்மை என்றதும் என் முன்கையைப் பார்த்துக்கொள்கிறேன். காசு அளவில் இரண்டு வடுக்கள். பள்ளிக்கூடத்துத் திண்ணையில் வரிசையாக உட்காரவைத்து அம்மை குத்தியது. எங்கள் பாட்டி முகம் முழுக்க அம்மைத் தழும்பு. ஒரு கண்ணில் பார்வை கிடையாது. என் மகளுக்கு அந்த வடு இல்லை, பேரனுக்கும் இல்லை. 1980 மே மாதம் உலக சுகாதார அமைப்பு பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது, தடுப்பூசியும் நின்றது. நியாயந்தான். ஆனால் 2018இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், பெரியம்மைக்கு உறவான குதிரை அம்மை வைரஸை உருவாக்கிவிட்டதாகக் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கான டி.என்.ஏ. துண்டுகளைத் தபாலில் வரவழைத்திருந்தார்கள். செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர். அவர்கள் நோக்கம் தடுப்பூசி ஆராய்ச்சி. குதிரை அம்மை மனிதரைக் கொல்வதும் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையைப் பற்றிப் படித்த நாளிலிருந்து வடு இல்லாத கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

புரட்டாசியில் கோவை போனபோது அண்ணன் மகள் தன் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனாள். அன்றுதான் கூரியரில் வந்த உறையைப் பிரித்தாள். சுண்டுவிரல் நுனி அளவு பிளாஸ்டிக் குழாய். வெறும் குழாய் என்றே நினைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்; அடியில் உப்புப் பூத்ததுபோல் வெண்மையாய் ஒரு கீற்று. "இதுதான் டி.என்.ஏ., அத்தை. மரபணுவின் எழுத்துகளைத் தட்டச்சுச் செய்து பணம் கட்டினால் நான்கு நாளில் வந்துவிடும்" என்றாள். இருபது எழுத்துகள் கொண்ட சிறு துண்டு அது, அதனால் யாருக்கும் கேடில்லை. நான் கேட்டது ஒன்றுதான்: நீ யார், எதற்கு என்று விற்றவர் கேட்டாரா? "இல்லையே" என்றாள், நான் எதற்காகக் கேட்கிறேன் என்றே விளங்காமல்.

எஞ்சியிருக்கும் மதில் இந்தக் கடைவாசல்தான், ஆசிரியர் அவர்களே. எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும், மூலப்பொருள் கைக்கு வராமல் எதுவும் செய்ய முடியாது. நீளமான டி.என்.ஏ. கேட்டு வரும் ஆர்டர்களை அபாயக் கிருமிகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கவும், கேட்பவர் யாரென்று விசாரிக்கவும் 2009இலேயே சில நிறுவனங்கள் கூடி ஒரு கூட்டமைப்பு அமைத்தன. நல்ல காரியம், ஆனால் விருப்பம் இருந்தால் சேரலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். ஒப்பிடும் மென்பொருளுக்கும் ஓட்டை உண்டு. 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் எழுதினார்கள்: தெரிந்த நச்சுப் புரதங்களைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, வடிவம் மாறாமல் எழுத்தை மட்டும் மாற்றி, கணினியிலேயே சோதித்திருக்கிறார்கள். பல நச்சுகள் சோதனை மென்பொருளின் கண்ணில் படாமலே நழுவின. வெளியிடும் முன்பே நிறுவனங்களுக்குச் சொல்லி ஓட்டையை அடைத்தார்கள்; அதன் பிறகும் 100க்கு மூன்று போல நழுவுகின்றன. பொறுப்பானவர்கள் கண்டுபிடித்துச் சொன்னதால் இது தெரிந்தது.

நம் நாட்டில் ஆசிட் விற்க என்ன விதி என்று எல்லாருக்கும் தெரியும். 2013இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, கடைக்காரர் வாங்குபவரின் பெயர், முகவரியைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயது ஆகாதவருக்குக் கொடுக்கக் கூடாது. மருந்துக் கடையில், கண்டிப்பான கட்டுப்பாட்டுக்குரிய எச்1 அட்டவணையில் உள்ள மருந்துக்கும் தனிப் பதிவேடு உண்டு. எழுதிய மருத்துவர் யார், நோயாளி யார் என்று குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அபாயகரமான நுண்ணுயிரிகள் பற்றிய நம் விதிகளோ 1989இல் எழுதப்பட்டவை. கூரியரில் மரபணு வரும் என்று அன்று யார் நினைத்தார்கள்? டி.என்.ஏ. விற்பவரும், அதை மேசையிலேயே தயாரிக்கும் இயந்திரத்தை விற்பவரும், ஆர்டரையும் ஆளையும் சரிபார்த்தே தீர வேண்டும் என்று மத்திய அரசு சட்டம் கொண்டுவர வேண்டும். பதிவேடு வைக்காவிட்டால் உரிமம் போக வேண்டும். ஆராய்ச்சி தாமதமாகும் என்பார்கள். என் அண்ணன் மகளின் இருபது எழுத்துத் துண்டுக்கு இதெல்லாம் தேவையில்லை. நீளமான துண்டு கேட்பவர் தன் கல்லூரியின் பெயரையும் வழிகாட்டியின் கையெழுத்தையும் கொடுப்பதில் என்ன குறைந்துவிடும்? காசநோய்க் கிருமி வளர்ந்த குழாய் ஒன்றை அலமாரியிலிருந்து எடுக்க நான் முப்பத்தைந்து ஆண்டுகள் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்த மதிலைத் தாண்டி எது வந்தாலும், அது முதலில் வந்து நிற்பது ஏதாவது ஓர் ஊர் மருத்துவமனையின் ஆய்வக மேசையில்தான். 2018இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வந்தபோது 17 உயிர்கள் போயின. அதற்குமேல் பரவாமல் நின்றதற்கு, இது வழக்கமான காய்ச்சல் இல்லையே என்று அங்கே சிலர் சந்தேகப்பட்டு உடனே நோயாளியின் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பியது பெரிய காரணம். நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில், கிருமித் தட்டுகளை நீராவியில் அவிக்கும் ஆட்டோகிளேவ் கலனின் கதவு ரப்பர் வளையம் கிழிந்து நீராவி கசிந்தது. பதினொரு மாதத்தில் நான்கு கடிதம் எழுதினேன். தினமும் கிருமித் தட்டுகளைத் தள்ளுவண்டியில் வைத்து, நோயாளிகள் நடக்கும் அதே நடைபாதை வழியாக, இன்னொரு கட்டடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் அவித்து வந்தோம். நான் ஓய்வு பெற்ற பிறகுதான் ரப்பர் வந்தது என்று கேள்விப்பட்டேன். அந்த நடைபாதையில் தாய்மார்கள் குழந்தையோடு உட்கார்ந்திருப்பார்கள்; ஒவ்வொரு நாளும் நெஞ்சு பதறும். செயற்கை நுண்ணறிவுக்கு ஒதுக்கும் கோடிகளில் ஒரு சிறு பங்கை இந்த ரப்பர் வளையங்களுக்கும், காலியாகக் கிடக்கும் நுட்புநர் பணியிடங்களுக்கும் ஒதுக்குங்கள் என்று அரசுகளைக் கைகூப்பிக் கேட்கிறேன்.

உங்கள் இதழை நாடாளுமன்ற உறுப்பினர்கள் படிக்கிறார்கள். அடுத்த கூட்டத்தொடரில் யாராவது ஒருவர் எழுந்து, இந்தியாவில் டி.என்.ஏ. விற்கும் நிறுவனங்கள் எத்தனை, அவற்றில் வாங்குபவரைச் சரிபார்ப்பவை எத்தனை என்று இந்த இரண்டு கேள்விகளை மட்டுமாவது கேட்க வேண்டும். எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இந்தக் கடிதத்தின் நகலை இன்று காலை விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
சங்கரன்கோவில்.