பழைய கார் விளம்பரத்தில் பராமரிப்பு பில்லும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் விளம்பரங்களில் மாடல் ஆண்டு, கிலோமீட்டர், சிங்கிள் ஓனர், இன்சூரன்ஸ் தேதி எல்லாம் தவறாமல் வருகின்றன. இன்ஜினில் பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் இயங்கச் செய்யும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது, கிளட்ச் எத்தனையாவது கிலோமீட்டரில் போட்டது என்று யாரும் எழுதுவதில்லை. நான்கைந்து லட்சத்துக்குக் கைமாறும் சிட்டி, வெர்னா, சியாஸ், வென்டோ, ராபிட் போன்ற செடான்களில் பெரிய செலவுகள் 80,000 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பல வண்டிகள் விற்பனைக்கு வருவதும் அந்தக் கட்டத்தில்தான். கீழே சொல்லும் தொகைகள் வெளிப் பணிமனைகளில் கூலியோடு சேர்த்து ஆகும் தோராயக் கணக்கு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் இன்னும் கூடும்.

சிட்டி, சியாஸ், வெர்னா 1.6 டீசல் ஆகியவற்றின் இன்ஜினில் அந்த வேலையைச் செய்வது உலோகச் சங்கிலியான டைமிங் செயின். வென்டோ, ராபிட் டீசலில் இருப்பது ரப்பர் பெல்ட். வண்டி அதிகம் ஓடாமல் நின்றிருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்ற 15,000 முதல் 25,000 ரூபாய் ஆகும். பம்ப்பை விட்டுவிட்டு பெல்ட்டை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். பழைய பம்ப்பின் பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மோதி வால்வுகள் வளையும். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கிச் சரிசெய்ய 60,000 ரூபாய்க்கு மேல் ஆகும், சில நேரம் லட்சத்தையும் தாண்டும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலையில் கழிக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் வாங்குவோருக்கு இன்னும் கவனம் தேவை. வென்டோ, ராபிட்டில் 2020-க்கு முன் வந்த டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், ஏழு கியர் கொண்ட உலர் கிளட்ச் (ஆயிலில் மூழ்காத கிளட்ச்) வகை. ஊர்ந்து செல்லும் நெரிசலில் கிளட்ச் சூடேறித் தேயும். அதை மாற்ற ஒரு லட்சம் ரூபாய் அளவில் ஆகும். கியரை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டில் ஆயில் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் பகுதி விரிசல் விட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். புதிது போட ஒன்றரை லட்சத்துக்கு மேல். அரை மணி நேரம் ஓட்டிச் சூடான பிறகு, மேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். அதிர்வு, தயக்கம் இருந்தால் அந்த வண்டி வேண்டாம். 2020-இல் வந்த 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக், ஆயில் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை. அதற்கு இந்தத் தொல்லை இல்லை. சிட்டியில் வரும் சிவிடி-யில் (தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) அதற்கென்றே வரும் ஆயிலை உரிய காலத்தில் மாற்றியிருக்கிறார்களா என்பதை மட்டும் உறுதிசெய்தால் போதும்.

மேனுவல் வண்டியில் கிளட்ச் சோதனை எளிது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் பிளேட் வழுக்குகிறது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் சேர்ந்த செட்டுக்குப் பெட்ரோலில் 9,000 முதல் 14,000, டீசலில் 15,000-க்கு மேல்.

நம் ஊரில் அதிகம் கவனிக்கப்படாதது, இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்பு படிந்த வண்டிகள் ஏராளம். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். பச்சை, நீலம், சிவப்பு என ஏதாவது தெளிந்த நிறம் இருக்க வேண்டும். துருநிறம் என்றால் ரேடியேட்டருக்கு 6,000 முதல் 10,000 வரை எடுத்து வைக்க வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அது 20,000-க்கு மேல். ஏசி கூலிங் காயில் கசிந்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்பதால் 8,000 முதல் 15,000 வரை ஆகும்.

வேகத்தடையில் ஒரு சக்கரத்தை முன்னால் ஏற்றி மெதுவாகக் கடந்தால் 'கடகட' சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடு என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 3,000-க்குள் முடியும். சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம் ஒன்றுக்கு 3,000 முதல் 5,000. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வட்டமடிக்கும்போது 'டக் டக்' என்றால், சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் ஆக்சில் ஜாயின்ட். வெர்னாவில் ஸ்டீயரிங்கை அசைத்தாலே தட்டும் சத்தம் வந்தால் பெரும்பாலும் ஸ்டீயரிங் மோட்டாரில் உள்ள சிறிய ரப்பர் இணைப்பான கப்ளிங்தான். ஸ்டீயரிங் தண்டுப் பகுதி (column) முழுவதையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பணம் கொடுக்கும் முன், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். 500 முதல் 1,000 ரூபாய்தான். 'கோளாறு ஏதும் இல்லை' என்று திரையில் வருவதோடு நிறுத்தக் கூடாது. கோளாறுக் குறியீடுகளை அழித்த பின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல வண்டிகளில் அதே ஸ்கேனர் காட்டும். பத்து, இருபது கிலோமீட்டர் என்று வந்தால், உங்களுக்குக் காட்டுவதற்காகவே அழித்திருக்க வாய்ப்பு அதிகம்.

2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால், அதற்குப் பிந்தைய பில்லில் 28 சதவீதம் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

தங்கள் நாளிதழின் பழைய கார் விளம்பரப் படிவத்தில் டைமிங் பெல்ட், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆயில் ஆகிய மூன்றும் கடைசியாக மாற்றப்பட்ட தேதி, கிலோமீட்டருக்கு ஒரு வரி ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கார் பணிமனைத் தொழிலாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்